கடிகார மேதை ஆபிரகாம் லூயி பிரெகே

உலகில் பேரும் புகழும் பெற்றோர் வரலாறுகளை எடுத்து நோக்குமிடத்து, பிறந்த மண்ணிலேயே தங்கி வாழ்ந்து சிறந்தவர் ஒரு சாரார் ஆவர். பிழைப்பின்பொருட்டு ஊர்விட்டு அயலகம் சென்று, தம் உழைப்பினால் உயர்ந்து, பெற்ற ஊருக்கும் ஏற்ற ஊருக்கும் ஒருங்கே பெருமை தேடித் தந்தோர் மற்றொரு சாரார் ஆவர். இவ்விரண்டாம் சாராரின் வரலாறு நம் சங்க அன்பர்களுக்குத் தனியாக உவப்பளிக்கும் என்பது நமது எண்ணம். ஆகவே, ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, பாரிஸ் மாநகரில் தொழில் நடத்தி, கடிகாரக் கலைக்கே தலைமகனாக விளங்கிய ஆபிரகாம் லூயி பிரெகே என்பாரின் வாழ்வை இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

பிரெகே என்ற பெயரைக் கேட்டிராத அன்பர்கள் பலர் இருக்கக்கூடும். ஆயினும் அவருடைய கைவண்ணத்தைக் காணாதார் மிகச் சிலரே. நுனிக்கருகில் சிறு வளையம் போன்ற துளை அமைந்த மெல்லிய முட்களைச் சில கடிகாரங்களில் நாம் கண்டிருப்போம். அவற்றிற்கு உலகெங்கும் பிரெகே முள் என்றே பெயர். உயர்ந்த கடிகாரங்களின் உள்ளே துடிக்கும் ஹேர்ஸ்பிரிங்கில் ஒரு வகைக்குப் பிரெகே சுருள் என்றே பெயர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரின் பெயர் இன்றும் தொழிலாளர் நாவில் வழங்குவது எளிய செயலன்று. அதனினும் வியப்பு யாதெனின், அவர் தொழில் அவர் வாழ்நாளிலேயே ஒருமுறை அடியோடு அழிந்து மீண்டும் தழைத்தது. அவர் மறைவுக்குப் பின்னும் மங்கி மறுபடி ஒளி பெற்றது. அதற்குக் காரணமாயிருந்தது எது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது.

இளமையும் இடப்பெயர்ச்சியும்

பிரெகே 1747 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10 ஆம் நாள் நெஷாடெல் என்னும் ஊரில் பிறந்தார். ஏரிக்கரையில் அமைந்த அழகிய ஊர் அது. இன்று ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்தது எனினும், அந்நாளில் பிரஷ்ய மன்னரின் ஆட்சிக்குட்பட்ட சிற்றரசாக இருந்தது. சமயக் கொடுமைக்கு அஞ்சிப் பிரெஞ்சு நாட்டைவிட்டு வெளியேறிய புராட்டஸ்டண்டு மரபினர் அவர் முன்னோர் என்பர்.

பதினோராம் வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பும் அத்துடன் நின்றது. தாயார் ஜோசப் தாத்தே என்பவரை மறுமணம் புரிந்தார். அக்குடும்பத்தார் கடிகாரத் தொழிலினர். பாரிஸ் நகரத்துடன் வாணிகத் தொடர்பு உடையவர்கள். சிறுவன் முதலில் இத்தொழிலில் நாட்டம் கொள்ளவில்லை என்று சொல்வதுண்டு. எனினும் 1762 ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், பிரெஞ்சு நாடு சென்று வெர்சேல்ஸ் நகரில் ஒரு கடிகாரத் தொழிலாளரிடம் பயிற்சிக்கு அமர்ந்தார்.

பகலெல்லாம் பட்டறையில் அரமும் கையுமாக உழைத்த அவ்விளைஞர், மாலை வேளைகளில் பாரிஸிலுள்ள மசாரின் கல்லூரிக்குச் சென்று கணிதம் கற்றார். அங்கே ஆசிரியராயிருந்த மாரி என்னும் பாதிரியார் அவரிடம் பேரன்பு கொண்டார். அரண்மனை வட்டாரத்தில் பிரெகேயின் பெயர் தெரிவதற்கு முதல் வாயிலாக இருந்தவரும் இவரே. கைத்தொழில் அறிந்தவர் கணிதம் அறியாமலும், கணிதம் அறிந்தவர் கைத்தொழில் அறியாமலும் இருந்த காலம் அது. இரண்டும் ஒருவரிடம் கூடியபோது விளைந்த பயனைப் பின்னர்க் காண்போம். இதற்கிடையே தாயும் மாற்றாந்தந்தையும் மறைய, தங்கையைக் காக்கும் பொறுப்பும் அவ்விளைஞரின் தலைமேல் வந்தது.

1775 ஆம் ஆண்டில் செசில் என்னும் மங்கையை மணந்தார். அதே ஆண்டில் பாரிஸின் நடுவே, சேன் ஆறு சூழ்ந்த தீவில், கடிகாரக் கரை என்று பொருள்படும் பெயருடைய தெருவில் தம் சொந்தத் தொழிலைத் தொடங்கினார். மறு ஆண்டு அந்த்வான் லூயி என்னும் மகன் பிறந்தான். ஆனால் இல்லற இன்பம் நீடிக்கவில்லை. 1780 ஆம் ஆண்டில் மனைவி இளமையிலேயே காலமானார். பிரெகே மறுமணம் செய்துகொள்ளவில்லை. எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் மகனுக்கும் தொழிலுக்குமே ஈந்தார்.

முதல் ஏற்றம்

அக்காலத்துக் கடிகாரங்களுக்கு நாள்தோறும் சாவி கொடுக்கவேண்டும், மறந்தால் நின்றுவிடும். அணிந்தவர் நடக்கும் அசைவினாலேயே தானாக முறுக்கேறும் கடிகாரத்தைச் செய்ய வேறு சிலரும் முயன்றதுண்டு. பிரெகே 1780 ஆம் ஆண்டில் அதனை நம்பத்தக்க கருவியாகச் செய்து முடித்தார். உள்ளே பிளாட்டினத்தாலான ஒரு கனத்த குண்டு, நடையின் அசைவுக்கேற்ப மேலும் கீழும் ஆடி, பெரிய ஸ்பிரிங்கை முறுக்கிவிடும். இன்று பலர் கையில் அணியும் ஆட்டோமாட்டிக் கடிகாரத்துக்கு இது முன்னோடி எனலாம். பிரெஞ்சு அரசி மேரி அந்த்வானெத் இவ்வகைக் கடிகாரம் ஒன்றைப் பெற்று மகிழ்ந்தார். அரசி அணிந்ததைப் பிரபுக்களும் விரும்பினர். பட்டறையில் வேலை பெருகியது.

மின்விளக்கில்லாத அந்நாளில், இருளில் மணி அறிய, குமிழை அழுத்தினால் மணியொலித்துக் காட்டும் கடிகாரங்கள் இருந்தன. அவற்றினுள் ஒரு சிறு மணியே பொருத்தப்பட்டிருந்ததால் அவை பருத்துக் காணப்பட்டன. பிரெகே 1783 ஆம் ஆண்டில் அம்மணியை நீக்கி, உள்விளிம்பை ஒட்டி வளைந்து கிடக்கும் ஓர் எஃகுக் கம்பியை அதற்கு ஈடாக வைத்தார். ஒலி இனிமையாயிற்று, கடிகாரமும் மெலிந்தது. தெளிவாகப் படிக்கத்தக்க எண்களும், நாம் முன்னர்க் குறித்த முட்களும் இக்காலத்தவையே.

கீழே விழுந்த கடிகாரத்தில் முதலில் ஒடிவது பாலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய அச்சு முனை என்பது கடிகாரம் பழுது பார்ப்போர் அறிந்தது. 1790 ஆம் ஆண்டில் பிரெகே அதற்கும் வழி கண்டார். அச்சு முனை தங்கும் கல்லை ஒரு சிறு ஸ்பிரிங் தகட்டின்மேல் அமர்த்தினார். அதிர்ச்சி தாக்கியவுடன் தகடு வளைந்து கொடுத்து, மறுகணம் பழைய நிலைக்குத் திரும்பும். தாலிராண்டு என்னும் புகழ்பெற்ற ராஜதந்திரியின் இல்லத்தில் விருந்தினர் காண, தம் கடிகாரத்தைத் தரையில் எறிந்து அதன் உறுதியை மெய்ப்பித்தார் என்றொரு செய்தி வழங்குகிறது. இன்றைய கைக்கடிகாரங்களில் அதிர்ச்சி தாங்கும் அமைப்புகள் யாவும் இக்கருத்தின் வழித்தோன்றல்களே.

1783 ஆம் ஆண்டில் அரசியின் காவற்படையைச் சேர்ந்த ஓர் அதிகாரி பிரெகேயிடம் வந்து ஒரு கடிகாரத்துக்கு ஆணை கொடுத்தார். அக்காலத்தில் அறியப்பட்ட எல்லா நுட்பங்களும் அதில் அமையவேண்டும். இயன்ற இடமெல்லாம் பிற உலோகத்துக்கு மாறாகப் பொன்னையே வழங்கவேண்டும். பொருட்செலவுக்கும் காலத்துக்கும் எல்லையில்லை என்பது ஏற்பாடு. அரசிக்கென்று எழுந்த இவ்வாணையை எண் 160 எனப் பிரெகே தம் ஏட்டில் பதிவு செய்துகொண்டார். இக்கடிகாரத்தின் கதை மிக நீண்டது. பின்னரும் இதனைக் காண்போம்.

புரட்சிப் புயல்

1789 ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிரெகே புரட்சிக் கருத்துகளை வெறுத்தவர் அல்லர். புரட்சித் தலைவர்களுள் ஒருவரான மாரா என்பார், நெஷாடெல் சிற்றரசைச் சேர்ந்த பூத்ரி என்னும் ஊரில் பிறந்தவர். ஒரே நாட்டிலிருந்து பாரிஸுக்கு வந்த இருவருக்கும் நட்பு இருந்தது. ஒரு சமயம் மாராவைப் பிடிக்க வீட்டு வாயிலில் கூட்டம் திரண்டபோது, பிரெகே அவருக்குக் கிழவி வேடம் புனைந்து, கைகோத்து வெளியே அழைத்துச் சென்று காத்தார் என்பர். பின்னர்ப் பிரெகேயின் உயிருக்கே இடர் நேர்ந்தபோது அந்நன்றியை மறவாத மாரா உதவினார். அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும் தொழில் செய்தவர் என்ற ஒரு குற்றமே கழுத்தைக் கொலைக்கருவியின்கீழ் வைக்கப் போதுமானதாயிருந்த காலம் அது. மாராவின் முயற்சியால் பயணச் சீட்டுப் பெற்று, 1793 ஆம் ஆண்டில் பிரெகே தம் மகனுடன் பாரிஸைவிட்டு வெளியேறினார். மாராவும் அவ்வாண்டு ஜூலையில் கொலையுண்டார். அக்டோபரில் அரசியின் தலையும் வீழ்ந்தது.

அப்போது பிரெகேக்கு வயது நாற்பத்தாறு. இருபது ஆண்டு உழைப்பில் உண்டாக்கிய தொழிலும், பழக்கிய தொழிலாளரும், வாங்குவோரும் ஒருசேரப் போயினர். பதினைந்து வயதில் விட்டுச்சென்ற தாயகத்துக்கு அகதியாகத் திரும்பினார். முதலில் ஜெனீவா, பின் நெஷாடெல், அதன்பின் மலைமேலுள்ள லெ லோக்கிள் என்னும் சிற்றூர் எனத் தங்கினார். லெ லோக்கிள் கடிகாரத் தொழிலாளர் நிறைந்த ஊர். அங்கே சில ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு சிறு பட்டறை நடத்தினார்.

இந்த இரண்டாண்டு அஞ்ஞாதவாசம் வீண்போகவில்லை. பாரிஸில் நாள்தோறும் வருவோர்க்கு விடை சொல்லியே பொழுது கழிந்தது. மலையூரிலோ சிந்திக்க ஓய்வு கிடைத்தது. பின்னாளில் அவர் புகழை நிலைநிறுத்திய நுட்பங்களுள் பலவற்றின் வித்து இக்காலத்திலேயே ஊன்றப்பட்டது என்று ஆராய்ந்தோர் கூறுவர்.

மறுமலர்ச்சி

1795 ஆம் ஆண்டில் பிரெகே பாரிஸ் திரும்பினார். கடிகாரக் கரையில் இருந்த பட்டறை சிதைந்து கிடந்தது. ஆனால் நாட்டின் நிலை மாறியிருந்தது. படைக்கும் கப்பலுக்கும் கருவிகள் வேண்டியிருந்த புதிய அரசு, இத்தகைய தொழில்வல்லாரை இழக்க விரும்பவில்லை. இழப்புக்கு ஈடு கேட்டு, அரசின் உதவி பெற்று, அதே இடத்தில் பட்டறையை மீண்டும் எழுப்பினார்.

பட்டறை எழுந்தது சரி; வாங்குவோர் எங்கே? பழைய பிரபுக்களுள் சிலர் மாண்டனர். பலர் நாடு கடந்தனர். கையிலும் முதல் இல்லை. இந்நிலையில் பிரெகே செய்த ஏற்பாடு அவருடைய நுண்ணறிவுக்குச் சிறந்த சான்று. எளிய அமைப்பும் உறுதியும் உடைய ஒரு கடிகாரத்தை வகுத்தார். அதற்கு ஒரே முள். டயலில் ஒவ்வொரு மணிக்கூறும் ஐந்தைந்து நிமிடப் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கும். அவ்வொரு முள்ளைக் கொண்டே மணியையும் நிமிடத்தையும் அறியலாம். உறுப்புகள் குறைவு, ஆகவே விலையும் குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. விரும்புவோர் விலையில் கால் பங்கை முன்பணமாகக் கட்டவேண்டும். எஞ்சியதைக் கடிகாரம் கைக்கு வரும்போது கொடுத்தால் போதும். இதற்குச் சந்தாக் கடிகாரம் என்றே பெயர். அச்சிட்ட அறிக்கை ஒன்றின் மூலம் இதனை நாட்டாருக்கு அறிவித்தார். வாங்குவோர் தந்த முன்பணமே பட்டறைக்கு முதலாயிற்று. அரசியின் அருளால் எழுந்த முதல் ஏற்றத்தைப் புயல் அடித்துச் சென்றது. கால் பங்குப் பணத்தை நம்பிக்கொடுத்த நடுத்தர மக்களால் எழுந்த இரண்டாம் ஏற்றமோ நிலைத்து நின்றது. இஃது எண்ணி மகிழத்தக்கது.

அதன்பின் நுட்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. பாலன்ஸ் சக்கரத்தை ஆட்டுவிக்கும் ஹேர்ஸ்பிரிங் தட்டையாயிருந்தால், விரியும்போது ஒரு பக்கமாகவே சாயும். அச்சு முனையும் தேயும். பிரெகே அதன் வெளிநுனியைச் சற்று மேலே தூக்கி, உள்நோக்கி வளைத்தார். சுருள் எல்லாப் பக்கமும் ஒத்து விரிந்து சுருங்கியது. இதுவே பிரெகே சுருள்.

1801 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் நாள் அவர் பெற்ற உரிமைப் பட்டயம் இவற்றுள் தலையாயது. அக்காலக் கடிகாரம் சட்டைப்பையில் நிமிர்ந்தே நிற்கும். பாலன்ஸ் சக்கரத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தினும் இம்மியளவு கனத்திருந்தாலும், பூமியின் ஈர்ப்பு அதனைக் கீழ்நோக்கி இழுக்கும். நிற்கும் நிலைக்கேற்பக் கடிகாரம் முந்தும் அல்லது பிந்தும். எவ்வளவு திருத்தினும் அவ்விம்மி முற்றும் தீர்வதில்லை. ஆகவே பிரெகே, பாலன்ஸ் சக்கரத்தையும் அதனைச் சார்ந்த உறுப்புகளையும் ஒரு சிறு கூண்டில் ஏற்றி, அக்கூண்டையே நிமிடத்துக்கு ஒருமுறை சுழலச் செய்தார். ஒரு பக்கத்தில் முந்திய அளவு எதிர்ப்பக்கத்தில் பிந்தும். சுற்று முடியும்போது பற்றும் வரவும் நேராகும். இதற்குச் சுழற்காற்று எனப் பொருள்படும் தூர்பியோன் என்ற பெயரை இட்டார். செய்வதற்கு மிக அரிதாகையால் அவர் வாழ்நாளில் விற்றவை நாற்பதைத் தாண்டா.

புகழ் பெருகியதும் போலிகளும் பெருகின. அவர் பெயர் பொறித்த கள்ளக் கடிகாரங்கள் ஐரோப்பா எங்கும் உலவின. பிரெகே டயலில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு நுண்ணிய கையொப்பத்தைப் பொறிக்கலானார். சாய்வாக ஒளி படும்படி பிடித்தால்தான் அது தெரியும்.

பட்டறையும் பதிவேடும்

பிரெகேயின் பட்டறையில் பல நாட்டுத் தொழிலாளர் இருந்தனர். அவர்களிடம் அவர் நடந்துகொண்ட முறைக்கு ஒரு செய்தி சொல்லப்படுகிறது. தொழிலாளி கூலிப் பட்டியல் கொண்டுவரும்போது, வேலை நன்றாயிருந்து தொகையின் கடைசி இலக்கம் சுழியாயிருந்தால், அச்சுழிக்கு ஒரு வால் இழுத்து ஒன்பதாக்கிவிடுவாராம். கணக்கைத் திருத்திய முதலாளிகள் உண்டு. தொழிலாளிக்கு ஆதாயமாகத் திருத்தியவர் அரியர்.

பகைமையும் பொறாமையும் மலிந்த அத்தொழிலில் அவர் நட்பைப் போற்றினார். இலண்டனில் ஜான் ஆர்னால்டு என்னும் பெரும் கடிகார வல்லுநர் இருந்தார். இருவரும் ஒருவர் மகனை மற்றொருவர் பட்டறைக்குப் பயிற்சிக்கு அனுப்பினர். இரு நாடுகளும் போரிட்ட காலத்திலும் அந்நட்பு குலையவில்லை. ஆர்னால்டு 1799 ஆம் ஆண்டில் மறைந்தார். பிரெகே தம் தூர்பியோன் அமைப்பை ஆர்னால்டு செய்த கடிகாரம் ஒன்றிலேயே பொருத்தி, நினைவுச் சொற்கள் பொறித்து, 1808 ஆம் ஆண்டில் நண்பரின் மகனுக்கு அளித்தார். அஃது இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, அவர் பட்டறையின் பதிவேடுகளை நாம் தனியாகப் போற்றுதல் வேண்டும். ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஓர் எண். அதன் அமைப்பு என்ன, யார் வாங்கினார், விலை யாது, பழுதுக்கு எப்போது மீண்டும் வந்தது என யாவும் ஏட்டில் ஏறின. நெப்போலியன் எகிப்துப் படையெடுப்புக்குப் புறப்படுமுன் 1798 ஆம் ஆண்டு ஏப்ரலில் மூன்று பொருள்கள் வாங்கியதை அவ்வேடு கூறும். அவருடைய தங்கையும் நேப்பிள்ஸ் நாட்டு அரசியுமான கரோலின் 1810 ஆம் ஆண்டில் மணிக்கட்டில் அணியும் கடிகாரம் ஒன்றுக்கு ஆணை தந்ததும், 1812 ஆம் ஆண்டில் அது முடிந்து அனுப்பப்பட்டதும் அதில் உள்ளன. கைக்கடிகாரமாகவே வகுத்துச் செய்யப்பட்டனவற்றுள் நாம் அறிந்த முதற்கடிகாரம் இதுவே. நீள்வட்ட வடிவினது, முடியும் பொன்னிழையும் சேர்த்துப் பின்னிய பட்டையில் கோக்கப்பட்டது. அக்கடிகாரம் இன்று எங்கும் காணப்படவில்லை. 1855 ஆம் ஆண்டில் பழுதுக்கு வந்து சென்றதே கடைசிச் செய்தி. பொருள் மறைந்தும் அதன் எண், அமைப்பு, வரலாறு ஆகியன மறையாமல் நின்றது ஏட்டினால் அன்றோ! பதிவேடு எழுதுவது உயிரற்ற வேலை என்று சலிப்போர் உண்டு. இருப்புப்பாதை அலுவலகத்தில் அவ்வேலையே செய்துவரும் நமக்கு, இவ்வரலாறு ஆறுதலும் ஊக்கமும் அளிக்கின்றது.

பெருமையும் மறைவும்

நிலம் தெரியாத கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எவ்விடத்தில் இருக்கிறது என்று அறியத் திருத்தமான கடிகாரம் இன்றியமையாதது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும். ஆகவே கடிகாரத்தில் நான்கு நொடி பிழைத்தால், நிலநடுக்கோட்டருகே கப்பலின் இடத்தில் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் பிழைக்கும். மாலுமிகளின் உயிர் இத்திருத்தத்தைச் சார்ந்து நின்றது. பிரெகே 1814 ஆம் ஆண்டில் பாரிஸ் தீர்க்கரேகைக் கழகத்தின் உறுப்பினரானார். 1815 ஆம் ஆண்டில் அரசுக் கடற்படையின் கடிகாரத் தொழிலாளராக நியமனம் பெற்றார். 1816 ஆம் ஆண்டில் விஞ்ஞானப் பேரவையில் இடம் பெற்றார். பதினோரு வயதில் பள்ளிப் படிப்பை இழந்தவர், பேரறிஞர்கள் அமர்ந்த அவையில் அமர்ந்தார். 1819 ஆம் ஆண்டில் லீஜியன் ஆப் ஹானர் என்னும் விருதும் வந்தது.

1823 ஆம் ஆண்டு செப்டம்பர் 17 ஆம் நாள், எழுபத்தாறாம் வயதில், பிரெகே இயற்கை எய்தினார். பாரிஸிலுள்ள பேர் லாஷேஸ் இடுகாட்டில் அவர் உடல் அடங்கியுள்ளது.

எண் 160 அப்போதும் முடியவில்லை. ஆணையிட்ட அரசியும் இல்லை. ஏற்ற ஆசானும் இல்லை. பணம் தருவாரும் இல்லை. ஆயினும் ஏட்டில் ஏறிய ஆணையைத் தொழிலாளர் கைவிட்டாரல்லர். 1827 ஆம் ஆண்டில், ஆணை பிறந்து நாற்பத்துநான்கு ஆண்டுகள் சென்றபின், 823 உறுப்புகள் கொண்ட அக்கடிகாரம் நிறைவெய்தியது.

பெயரின் மறுபிறப்பு

பிரெகேக்குப் பின் மகனும், அவர்க்குப் பின் பேரர் லூயி கிளெமானும் தொழிலை நடத்தினர். பேரரின் நாட்டம் தந்திக் கருவிகளிலும் மின்னியலிலும் சென்றது. 1870 ஆம் ஆண்டில் கடிகாரப் பகுதியைப் பட்டறைத் தலைவராயிருந்த எட்வர்டு பிரவுன் என்ற ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். அவர் குடும்பத்தார் நூறாண்டு அதனைக் காத்தனர், ஏடுகளையும் காத்தனர். ஆனால் பழைய செழிப்பு இல்லை. பிரெகே குடும்பத்தில் வந்த மற்றொரு லூயி, இருபதாம் நூற்றாண்டில் விமானம் செய்து புகழ் பெற்றார்.

1970 ஆம் ஆண்டில் பாரிஸ் நகை வணிகரான ஷோமே குடும்பத்தார் இந்நிறுவனத்தை வாங்கினர். 1976 ஆம் ஆண்டில் பட்டறை ஸ்விட்சர்லாந்திலுள்ள ஜூ பள்ளத்தாக்குக்கு மாறியது. தாயகம் விட்டுச்சென்ற சிறுவனின் பெயர், இருநூறாண்டு கழித்துத் தாயகம் திரும்பிற்று. காலமோ பொல்லாத காலம். 1969 ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானியர் மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டனர். விலை மலிவாக மலிவாக ஸ்விஸ் தொழில் நிலைகுலைந்தது. 1970 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 90,000 பேர் உழைத்த அத்தொழிலில், எண்பதுகளின் நடுவே 30,000 பேரளவிலேயே எஞ்சினர். ஷோமே குடும்பத்தாரும் நொடித்தனர். 1987 ஆம் ஆண்டில் நிறுவனம் முதலீட்டாளர் கைக்குச் சென்றது.

1999 ஆம் ஆண்டில் ஸ்வாட்ச் குழுமத்தின் தலைவர் நிக்கோலாஸ் ஹாயெக் இதனை வாங்கினார். இவரும் ஊர்விட்டு வந்தவரே. 1928 ஆம் ஆண்டில் லெபனான் நாட்டுப் பெய்ரூட்டில் பிறந்து, ஸ்விட்சர்லாந்தில் குடியேறி, எண்பதுகளில் நொடித்துக்கிடந்த ஸ்விஸ் கடிகாரத் தொழிலையே நிமிர்த்தியவர். பிரெகே நிறுவனத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றார். லோரியான் என்னும் சிற்றூரிலிருந்த பட்டறையை விரிவாக்கினார். பழைய ஏடுகளும் கடிகாரங்களும் ஏலத்துக்கு வருந்தோறும் வாங்கிச் சேர்த்தார்.

எண் 160 இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. எருசலேம் நகரிலுள்ள ஓர் அரும்பொருட் காட்சிச்சாலையில் இருந்த அக்கடிகாரம், 1983 ஆம் ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட பிற கடிகாரங்களோடு களவு போயிற்று. இருபதாண்டு கடந்தும் துப்புத் துலங்கவில்லை. அதனை மீண்டும் செய்தே தீர்வது என்று 2004 ஆம் ஆண்டில் ஹாயெக் முடிவு செய்தார். கண்முன் மாதிரியில்லை, பழைய வரைபடங்களும் புகைப்படங்களும் பதிவேடுகளுமே துணை. அவற்றைக்கொண்டே தொழிலாளர் ஒவ்வோர் உறுப்பாகச் செய்தனர். இதற்குள் திருடன் இறக்க, களவுபோன மூலமும் 2006 ஆம் ஆண்டில் மீட்கப்பட்டது. புதிய கடிகாரம் 2008 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அரசி விரும்பி அமர்ந்த வெர்சேல்ஸ் ஓக் மரத்தின் கட்டையால் அதற்குப் பெட்டி செய்தனர்.

பழமையைப் படியெடுப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. 2006 ஆம் ஆண்டில், காந்தத்தால் பாதிக்கப்படாத சிலிக்கனால் ஹேர்ஸ்பிரிங் செய்தனர். கடிகாரத்துக்குக் காந்தமே பகை என்பது பழைய கொள்கை. அப்பகையையே துணையாக்கி, பாலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனைகளை இரு நுண்ணிய காந்தங்களின் இடையே நிறுத்தும் அமைப்பை 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த கடிகாரத்தில் வைத்தனர். அதிர்ச்சியால் விலகிய அச்சு தானே நிலைக்குத் திரும்பும். 1790 ஆம் ஆண்டில் ஆசான் எண்ணிய அதே எண்ணம், புதிய உடையில் வந்தது எனலாம். ஹாயெக் 2010 ஆம் ஆண்டில் மறைந்தார், தொழில் தொடர்ந்தது. 2025 ஆம் ஆண்டில், நிறுவனம் தோன்றிய 250 ஆம் ஆண்டு விழாவுக்கு அவர்கள் முதலில் வெளியிட்டது எது தெரியுமா? ஒரே முள் கொண்ட சந்தாக் கடிகாரத்தின் புது வடிவமே. அரசியர் அணிந்தவை எத்தனையோ இருக்க, எல்லாம் இழந்து நின்ற நாளில் கைகொடுத்த எளிய கடிகாரத்தையே விழாவுக்குத் தெரிந்தெடுத்தனர்.

முடிவுரை

பட்டறையை இடிக்கலாம், முதலைப் பறிக்கலாம், பொருளையும் களவாடலாம். செய்நேர்த்தியையும், செய்ததை ஒளியாமல் மறையாமல் எழுதிவைத்த ஏட்டையும் காலம் அவ்வளவு எளிதில் வெல்லுவதில்லை. மறந்துபோன தொழிலைப் பின்வந்தோர் மீட்கப் புகுந்தபோது, அவர்கள் கைக்கு முதலில் அகப்பட்டது பிரெகேயின் பதிவேடே ஆகும். அது பொய்யாயிருந்திருப்பின், மறுபிறப்பும் இல்லை.

ஊர்விட்டு வந்து உழைக்கும் நாம் ஒவ்வொருவரும் பிரெகே ஆகிவிட முடியாது. ஆனால் நம் கைக்கு வந்த வேலையைத் திருத்தமாகச் செய்வதும், செய்ததை உள்ளபடி எழுதிவைப்பதும் நம்மால் இயலும். நம் சங்கத்தின் வரவு செலவு ஏடும், உறுப்பினர் பட்டியலும், இவ்வாண்டு மலரும் நாளை நம் பிள்ளைகள் கையில் அவ்வாறு பயன்படுமாயின், அதுவே நாம் பெறும் பேறு ஆகும். வாழ்க பிரெகேயின் புகழ்! வளர்க நம் சங்கம்!